பால், கடுக்காய், ஓடும் தண்ணீர்

ஆந்திரத்துக் காளத்தியில் (ஸ்ரீகாளஹஸ்தி) கையால் எழுதும் கலம்காரித் துணிக்குக் கறுப்பு மை செய்ய முதலில் துரு வேண்டும். பழைய ஆணி, உடைந்த லாடம், தேய்ந்துபோன இரும்புத் துண்டு என எது கிடைத்தாலும் பானையில் போட்டு, வெல்லமும் பனைவெல்லமும் கரைத்த தண்ணீரை ஊற்றி மூடிவைக்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் நுரைத்துப் புளித்து, இரும்பு கரைந்த நீர் கிடைக்கிறது. அதற்குக் கசிமி என்று பெயர். அதன் கறுப்பு பானையில் முழுமை அடைவதில்லை. கடுக்காயும் எருமைப்பாலும் ஊறி வெயிலில் காய்ந்த துணிமேல் மூங்கில் கலத்தால் தொட்டு இழுக்கும்போதுதான் கோடு கறுக்கிறது. கரைந்த இரும்பு கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து நூலிழைக்குள்ளேயே கறுப்பாகிறது. பாலின் கொழுப்பு மை பரவாமல் பிடித்துக்கொள்கிறது. கலம் என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. அதன்மேல் சுற்றிய கம்பளியோ துணியோ மையை உறிஞ்சி வைத்திருக்கும். விரல் அழுத்தினால் மை இறங்கும், தளர்ந்தால் நிற்கும். முதல் வரைவுக்குப் புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரி போதும்.

இதையெல்லாம் கேட்கிறவருக்கு, சூழலுக்கு இதைவிட இசைந்த கலை உண்டா என்று தோன்றும். கண்காட்சிகளிலும் இந்தப் பெருமையைச் சொல்லித்தான் கலம்காரி விற்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது காளத்தி திருப்பதியோடு போயிற்று. இந்த இரண்டு மாவட்டங்களுக்குள் துணி, மரம், மண், பூ என்று கையால் செய்யும் கலைகள் நெருங்கிக் கிடக்கின்றன. சூழலுக்கு உகந்த கலை என்றால் என்ன என்ற கேள்வியை ஆராய இவ்வளவு பொருத்தமான நிலம் தென்னிந்தியாவில் குறைவு. இயற்கைப் பொருளால் செய்தது என்பதாலேயே ஒரு கலை இயற்கைக்கு நல்லதாகிவிடாது என்பதே என் எண்ணம். அந்தப் பொருள் எந்தக் காட்டிலிருந்து, எந்த ஆற்றிலிருந்து வந்தது, வேலை முடிந்தபின் மிச்சம் எங்கே போகிறது, செய்தவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காளத்தித் துணியில் மை முடிந்தபின்தான் பெரிய வேலை தொடங்குகிறது. சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தடவிக் காயவிட்டு, ஓடும் தண்ணீரில் அலசி, மஞ்சிட்டி போன்ற வேர்களும் பட்டைகளும் போட்ட கொப்பரையில் துணியைக் கொதிக்கவைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் படிந்த லேசான நிறத்தை எடுக்கச் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, ஆற்று மணலில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் வெளுக்கிறார்கள். பிறகு மறுபடி பால். கடுக்காய்ப்பூவிலிருந்து மஞ்சள், அவுரியிலிருந்து நீலம், மஞ்சள்மேல் நீலம் ஏறினால் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் ஒரு அலசல். அந்த அலசல் தேங்கிய நீரில் சரிப்படாது. ஓரிடத்தில் கரைந்த படிகாரம் இன்னோரிடத்தில் போய் ஒட்டி, சாயம் ஏறும்போது கறையாகத் தெரியும். ஓடுகிற தண்ணீர் மிகையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே இந்தக் கலையின் முதல் மூலப்பொருள் ஆறு. தமிழ்ப் பக்தி மரபு பொன்முகலி என்று அழைக்கும் சுவர்ணமுகி, காளத்திக் கோயிலை ஒட்டி ஓடி வங்கக் கடலில் சேர்கிறது. காளத்திக்கு மேலே, அதே ஆற்றுப் படுகையில்தான் திருப்பதி நகரம் வளர்ந்துகொண்டிருக்கிறது. மழையை நம்பிய ஆறு அது. ஆண்டில் பல மாதம் மணலாகவே கிடக்கும். முன்பு அந்த மணலைத் தோண்டினால் ஊற்று வரும். மணலையே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் ஊற்று எங்கே நிற்கும்? ஆற்றில் ஓட்டம் இல்லாத நாட்களில் சாயக்காரர்கள் ஆழ்குழாய்த் தண்ணீரையும் தொட்டியையும் நம்ப வேண்டியிருக்கிறது. நிலத்தடியிலிருந்து மின்சாரத்தால் இறைத்த தண்ணீரில் அலசிய துணியையும், ஆற்றில் அலசிய துணியையும் ஒரே பெயரில் சூழலுக்கு உகந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதில் கலைஞரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றைக் காப்பது அவர் கையில் இல்லை.

இயற்கைச் சாயத்துக்கு விறகும் வேண்டும். கொப்பரை கொதிக்க மணிக்கணக்கில் எரிக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் பேசுவதில்லை. சாயச் செடிக்கு நிலம், அலசத் தண்ணீர், கொதிக்க விறகு என்று கணக்குப் போட்டால், திருப்பூர் ஒரு நாளில் சாயமேற்றும் துணியை இந்த வழியில் ஏற்ற முடியாது என்பது தெரிந்துவிடும். அதே சமயம் திருப்பூரின் வழி என்ன செய்தது என்பதையும் நாம் பார்த்தவர்கள். நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த உழவர்கள் அந்தத் தண்ணீரைத் திறக்காதே என்று போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. காளத்தியின் கழிவு வேர்ச்சாறும் சாணமும் கொஞ்சம் படிகாரமும்தான். வேலையின் அளவும் சிறிது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கலம்காரி உலகுக்கு ஆடை உடுத்தப் பிறந்ததல்ல. ஒரு துணிக்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு பிடிக்கிற அந்த மெதுவான வேகமே அதன் பசுமையின் பெரும்பகுதி என்று நான் நினைக்கிறேன்.

அந்த வேகம் ஒருமுறை இந்தக் கலையைக் கிட்டத்தட்டக் கொன்றும் இருக்கிறது. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகளுக்கு ஐரோப்பாவில் இருந்த மோகம் அவ்வளவு. அதைத் தாங்காமல் பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது, இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் கொண்டுவந்தது. தடைகளால் சாகாத தொழிலை வேதியியல் சாகடித்தது. 1856-இல் பெர்கின் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்தார். 1868-இல் மஞ்சிட்டி வகை வேரின் சிவப்பை ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார்கள். 1897-இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. கடற்கரை மணலில் சிவப்புச் சாயம் தரும் இம்பூறல் வேர் தோண்டிப் பிழைத்தவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. காளத்தியில் கோயில் திரைச்சீலை எழுதியவர்கள் வேறு தொழில் தேடினார்கள்.

நாடு விடுதலை பெற்றபின் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950-களின் பிற்பகுதியில் காளத்தியில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. மிஞ்சியிருந்த கைகளில் ஒருவரான ஜொன்னலகட்ட லட்சுமய்யா அங்கே கற்றுக்கொடுத்தார். அவருடைய மகன் குரப்பச் செட்டி பின்னாளில் இந்தக் கலையின் முகமாகவே ஆனார். 2008-இல் பத்மஸ்ரீ பெற்றார். இராமாயணத்தையும் பாரதத்தையும் கட்டம் கட்டமாகச் சொல்லும் பழைய திரைச்சீலையிலிருந்து புடவைக்கும் துப்பட்டாவுக்கும் கலம் நகர்ந்தது. ஆண்கள் மட்டும் செய்த வேலைக்குள் பெண்கள் பெருமளவில் வந்தார்கள். அனிதா ரெட்டி தொடங்கிய துவாரகா அமைப்பு காளத்திப் பெண்களுக்குப் பயிற்சியும் சந்தையும் ஏற்படுத்தித் தந்தது இதில் முக்கியமானது. நம் பக்கத்திலும் இந்த மரபின் கிளை உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரிலும் தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் தேருக்கும் கோயிலுக்கும் தொம்பையும் விதானமும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. காளத்திக்கு அது பல ஆண்டுகள் முன்பே கிடைத்துவிட்டது.

குறியீடு கிடைத்தும் கள்ளச் சரக்கு குறையவில்லை. தி. நகர்க் கடையில் கலம்காரி என்று விற்பதில் பெரும்பகுதி திரை அச்சில் செயற்கைச் சாயம் ஏற்றிய துணி. மசூலிப்பட்டினம் பக்கம் பெடனாவில் மரக்கட்டையால் அச்சிடும் கலம்காரி வேறு. அதுவும் மரபுதான், அதை நான் குறை சொல்லவில்லை. கையால் எழுதியதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ஒரே உருவம் திரும்ப வரும் இடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது. இரண்டு மயிலின் கண்ணும் அச்சாக ஒன்றுபோல இருந்தால் அங்கே கலம் தொடவில்லை. புதுத் துணியில் பாலும் கடுக்காயும் கலந்த ஒரு புளித்த வாசனை லேசாக இருக்கும். சிலர் அதைக் குறை என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் அறியாமை எழுதுகிறவர் கூலியில் போய் விழுகிறது. கூலி குறைந்தால் அவர் படிகாரத்தையும் வேரையும் விட்டுவிட்டு ரசாயனப் பொடியை வாங்குவார். சூழல் பேச்சில் கூலியைச் சேர்க்காதவர்களோடு எனக்கு இருக்கும் பிணக்கு இதுதான்.

இனி மரம். தமிழ் வீடுகளுக்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. திருப்பதிக்குப் போனவர்கள் மரப்பாச்சி வாங்கி வருவது தலைமுறை வழக்கம். கொலுவில் முதல் படியில் ஆணும் பெண்ணுமாக நிற்கும் அந்தச் செந்நிறப் பொம்மைகள் செம்மரத்தில் கடைந்தவை. குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை என்று பாட்டிமார் நம்பிக் கொடுத்தார்கள். சாயம் இல்லை, மெருகெண்ணெய் இல்லை, தாயிடமிருந்து மகளுக்குப் போகும், ஐம்பது ஆண்டு கழித்தும் குப்பைக்குப் போகாது. பொருளை மட்டும் பார்த்தால் இதற்கு நிகரே கிடையாது.

ஆனால் செம்மரம் உலகத்தில் வேறெங்கும் இயல்பாகக் காடாக வளர்வதில்லை. சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கல்லும் வெயிலுமான சரிவுகளில் மட்டும் வாழ்கிறது. நடுவயிரம் சிவக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அழியும் அபாயத்தில் உள்ள மரம் என்று உலகப் பட்டியலில் இருக்கிறது. பன்னாட்டு வணிகம் 1995 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சேஷாசலக் காடு 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அப்படியும் வெட்டு நிற்கவில்லை. சீனத்து அறைகலன், ஜப்பானிய இசைக்கருவி என்று தொலைவில் இருக்கும் ஆசைக்கு இங்கே கோடாரி விழுகிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழ்நாட்டுக் கூலிகள். மரத்தை விற்றுக் கோடி பார்த்தவர்கள் அந்தக் காட்டில் இல்லை. செம்மரத்தைப் பற்றி எழுதும்போது அந்தக் குடும்பங்களை விட்டுவிட்டு அழகியல் மட்டும் பேச என்னால் முடியாது.

ஏர்ப்பேடு பக்கத்து மாதவமாலாவில் வீட்டுக்கு வீடு சிற்பிகள் உண்டு. வேங்கடேசர், தாயார், கருடன் என்று செதுக்குவார்கள். செம்மரம் எளிதில் கிடைக்காத நிலையில் வேறு மரங்களிலும் உளி ஓடுகிறது. இது கலைக்கு இழிவு என்று வருந்துகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வேம்பில் கடைந்த மரப்பாச்சி கொஞ்சம் வெளிறியிருக்கும், கொலுவுக்கு அதனால் குறை ஒன்றும் வராது. செம்மரமே வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு வழி திறந்து வருகிறது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் உழவர்கள் சொந்த நிலத்தில் செம்மரம் வளர்க்கிறார்கள். சைட்டிஸ் தன் தீவிரக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து 2023 நவம்பரில் இந்தியச் செம்மரத்தை விடுவித்தபின் அந்த மரத்துக்கு ஏற்றுமதி வழியும் சற்று இளகியிருக்கிறது. அந்தத் தோட்டத்து மரத்தில் ஒரு பங்கு ஏற்றுமதிக் கிடங்குக்குப் போகுமுன் மாதவமாலாவின் பட்டறைக்கு வர வேண்டும். கிளைத்துண்டு, வெட்டுமிச்சம் போதும். ஒரு சாண் பொம்மைக்கு முழு மரம் எதற்கு?

மலைமேல் கதை வேறு மாதிரி. அங்கே பொருள் தேடிப் போக வேண்டியதில்லை, வந்து குவிகிறது. திருமலையில் பெருமாளுக்குச் சாத்திய பூவை அடியார்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை, பூங்கிணற்றில் சேர்ப்பதே மரபு. இராமானுசர் சொல்லை ஏற்று அனந்தாழ்வான் மலைக்கு வந்து நந்தவனம் போட்டு ஏரி வெட்டிய காலத்தில் பூவின் அளவு ஒரு தோட்டத்தின் அளவு. இன்று உற்சவ அலங்காரத்துக்கு வண்டி வண்டியாக வருகிறது. அதைப் பற்றித் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2021-இல் எடுத்த முடிவு எனக்கு நிறைவு தந்தது. தேவஸ்தானக் கோயில்களில் கழித்த பூக்களைச் சேர்த்து ஊதுபத்தி செய்து, அந்த ஆண்டு செப்டம்பரில் ஏழு பெயர்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே, ஒய்.எஸ்.ஆர். தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, பூவை நிறம் கெடாமல் உலர்த்திச் சாமி படங்களாக ஒட்டும் வேலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இதழையே தூரிகைத் தீற்றலாக அடுக்கிச் செய்யும் படம் அது. நிறத்துக்கென்று எதையும் புதிதாகப் பறிக்கவில்லை, வெட்டவில்லை.

இங்கேயும் ஒரு கேள்வி உண்டு. உலர்பூப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம், பசை, உறை வேண்டும். பூ மக்கும், உறை மக்காது. திருமலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து, 2022 ஜூன் முதல் முழுத் தடையாக இறுகியபோது கடைக்காரர்கள் சிரமப்பட்டார்கள் என்றாலும் அது சரியான முடிவு. லட்டுக்குச் சணல் பையும், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மக்கும் பையும் வந்தன. அன்னப்பிரசாதச் சமையலுக்குச் சூரிய வெப்பத்தில் நீராவி எடுக்கும் பெரிய அமைப்பு 2002 வாக்கிலேயே மலைமேல் நிறுவப்பட்டது. நாளைக்கு 15,000 பேருக்குச் சமைக்கும் அளவுக்குத் திட்டமிட்டது அது. இவ்வளவு மக்கள் வந்து போகும் இடத்தில் ஒரு நல்ல பழக்கத்தை நுழைத்தால் அது பேருந்தேறி நூறு ஊருக்குப் போகும். மலைமேல் துணிப்பையோடு நடந்தவர் அலிபிரிக்குக் கீழே இறங்கியதும் மறுபடி பிளாஸ்டிக் கவரை நீட்டி வாங்குகிறார் என்பதும் உண்மை. தடை அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சித்தூர் மாவட்டத்துப் பலமநேர் பக்கம் சுடுமண் வேலை நடக்கிறது. தொட்டி, குதிரை, விளக்கு, சுவர் அலங்காரம் எல்லாம் செய்கிறார்கள். ஏரி மண்ணை எடுப்பது ஏரிக்கும் நல்லது, அளவோடு எடுத்தால். சூளைக்கு விறகு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது. அதே மாவட்டத்தில் காணிப்பாக்கம் பிள்ளையார் இருக்கிறார். ஆவணி சதுர்த்திக்கு ஊர் ஊராக வைக்கும் பாரிஸ் சாந்துச் சிலைகள் தண்ணீரில் கரையாது; அவற்றின் வண்ணப்பூச்சில் உள்ள கன உலோகம் குளத்துக்குள் இறங்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் நெறிமுறை வெளியிட்டு, 2020-இல் அதை இறுக்கியது. 2023-இல் திருநெல்வேலி வழக்கில் பாரிஸ் சாந்துச் சிலை விற்பனைக்கு உயர் நீதிமன்றக் கிளை விதித்த தடையில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. களிமண் பிள்ளையார் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. குயவரிடம் ஒரு முழங்கை உயரத்தில் வாங்கிப் பூசித்து வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றியவர்கள்தான் நாம். சிலையின் உயரத்தைக் கௌரவமாக ஆக்கிய பின்புதான் களிமண் போதவில்லை.

வீட்டுக்குள் இந்தக் கலைகள் என்ன மாற்றம் செய்ய முடியும்? அரிசிமாவுக் கோலத்தில் எறும்பும் அணிலும் சாப்பிட்டன. இன்று பெரும்பாலும் கல்லை அரைத்த பொடி. அரிசிமாவுக்கு மாறுவதற்குச் செலவு ஒன்றும் பெரிதல்ல. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதற்குப் பதிலாகப் பலமநேர் விளக்கொன்று கொடுக்கலாம். பத்து அச்சுப் புடவைக்குப் பதில் ஒரு கலம்காரி எடுத்து, நிழலில் உலர்த்தி, இருபது ஆண்டு கட்டலாம். பசுமையான பொருளை நிறைய வாங்குவது பசுமை வாழ்வாகிவிடும் என்று சந்தை சொல்கிறது. அதை நான் ஏற்கவில்லை. கையால் செய்தது விலை கூடுதல். விலை கூடுதலாக இருப்பதால் குறைவாக வாங்குவோம், குறைவாக வாங்கியதை நன்றாக வைத்துக்கொள்வோம்.

அரசும் தேவஸ்தானமும் செய்யக்கூடியவையும் தெளிவாகவே இருக்கின்றன. காளத்தி ஆற்றோரத்தில் சாயக்காரர்களுக்குப் பொதுவான அலசு துறை வேண்டும். அலசிய நீரை மணலிலும் நாணலிலும் வடித்து மறுபடி பயன்படுத்தும் தொட்டி அங்கே இருக்க வேண்டும். இறைக்கச் சூரிய மின்சாரமும், கொதிக்க வைக்க விறகு மிச்சமாகும் அடுப்பும் வேண்டும். மலைமேல் சூரியனால் சோறு பொங்கியவர்களுக்குக் கீழே ஒரு கொப்பரையைச் சூடாக்குவது பெரிய காரியமல்ல. அலசு துறைக்கு மேலும் கீழும் மணல் அள்ளுவதை நிறுத்த வேண்டும். பொன்முகலியை அலங்காரக் கரை கட்டி அழகுபடுத்துவதைவிட இது முந்திய வேலை.

புவிசார் குறியீட்டுச் சீட்டில் இன்று ஊர்ப் பெயர்தான் முக்கியம். அதோடு எழுதியவர் பெயர், போட்ட சாயம், பிடித்த நாள், அவருக்குக் கொடுத்த கூலி ஆகியவற்றையும் அச்சிடலாம். மாதவமாலா பொம்மைக்கு எந்தத் தோட்டத்து மரம் என்று எழுதலாம். அப்படி ஒரு சீட்டு இல்லாத வரை, கடையில் நிற்கிற நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்: இது எழுதினதா, அச்சா? என்ன மரம், எங்கே வெட்டினது? பதில் தெரிந்த கடைக்காரர்கள் திருப்பதியிலும் காளத்தியிலும் இருக்கிறார்கள். கேட்கிறவர்கள் வந்தால் அவர்களும் விவரத்தோடு சரக்கு எடுப்பார்கள்.